பழைய கச்சேரி அரங்கத்தைப் புதுப்பிப்பதும் விரிவாக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கச்சேரி அரங்கம் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதே" என்று ஒரு கட்சி. "இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டு" என்று இன்னொரு கட்சி. கட்டட வேலையும் ஒலியியலும் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் இரண்டு பக்கத்துச் சந்தேகங்களும் என்னிடம் வரும். அரங்கம் எந்த நாட்டில் இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவையேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை. வரிசையாகப் படித்தால் நல்லது.

நன்றாகத்தானே இருக்கிறது, இப்போது எதற்குக் கை வைக்க வேண்டும்?

நமக்குத் தெரிவது மேடையும் கூரை வேலைப்பாடும் விளக்குகளும்தான். பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். பழைய மின்கம்பிகளின் உறை காய்ந்து நொறுங்கியிருக்கும். கூரையில் கசிந்த தண்ணீர் உத்திரத்தின் நுனியை உளுக்க வைத்திருக்கும். மரப்பட்டைகளைப் பிடித்துத் தொங்கும் காரைக் கூரையில், அந்தப் பிடிப்பு விட்டுப்போன இடங்கள் கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒருநாள் ஒரு துண்டு இருக்கை மேல் விழும்போதுதான் தெரியும்.

ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் அரங்கம் 1888 இல் திறக்கப்பட்டது. ஈரமான சேற்று நிலத்தில் 2,186 மரத்தூண்களை இறக்கி, அவற்றின் மேல் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 12, 13 மீட்டர் நீளம். 1983 இல் பார்த்தால் கட்டடம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது, சுவர்களில் விரிசல். அடியில் தூண்கள் உளுத்துப்போயிருந்தன. இசை மட்டும் அதுவரை அற்புதமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1985 இல் வேலை தொடங்கி, மரத்தூண்களுக்குப் பதிலாகக் கான்கிரீட் தூண்கள் வைத்துக் காப்பாற்றினார்கள்.

புதுப்பிப்பு என்றால் பெயின்ட் அடிப்பதா, இடித்துக் கட்டுவதா?

இரண்டுக்கும் நடுவில் பல படிகள் உண்டு. இருப்பதைப் பழுதுபார்ப்பது, பிற்காலத்தில் மறைத்தவற்றை அகற்றிப் பழையதை வெளிக்கொணர்வது, இன்றைய தேவைக்கு மாற்றி அமைப்பது, புதிதாக இடம் சேர்ப்பது. ஒரே திட்டத்துக்குள் இந்த நான்கும் இருக்கும். "புதுப்பிக்கிறோம்" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். எந்த அறையில் எந்தப் படி என்று கேளுங்கள். கழிவறையை அடியோடு மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. கச்சேரி நடக்கும் கூடத்தில் அதையே செய்தால் கதை வேறு.

ஒரு அரங்கத்தில் ஒலி நன்றாக இருக்க உண்மையில் என்னதான் காரணம்? கட்டியவரின் அதிர்ஷ்டமா?

1895 வரைக்கும் ஏறக்குறைய அதிர்ஷ்டம்தான். அந்த ஆண்டு ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த வாலஸ் சபைன் என்ற இளைஞரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரிசெய்ய முடியுமா பாருங்கள் என்று. அங்கே ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரை வினாடி வரை காற்றில் நின்றது. அதற்குள் பேசுபவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லி முடித்துவிடுவார். சபைன் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். கிடைத்த விதி எளிமையானது: அறையின் கன அளவு கூடினால் ஒலி அதிக நேரம் நிற்கும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் சீக்கிரம் அடங்கும். ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். பெரிய வாத்தியக் குழுவுக்கு அது சுமார் 2 வினாடி இருந்தால் சுகம். அந்தக் கணக்கை வைத்து வடிவமைத்த முதல் அரங்கம், 1900 இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால்.

ஆனால் நேரம் மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். வியன்னாவின் முசிக்ஃபெரைன் (1870), கான்செர்ட்கெபாவ், பாஸ்டன் ஆகிய மூன்றும்தான் ஒலிக்குப் பெயர்போனவற்றின் பட்டியலில் எப்போதும் முன்னால் நிற்பவை. மூன்றும் நீண்ட செவ்வகப் பெட்டிகள். வியன்னா பெரிய கூடம் சுமார் 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். அகலம் குறைவு என்பதால் பக்கச் சுவரில் பட்ட ஒலி, நேராக வந்த ஒலிக்குப் பின்னால் ஒரு வினாடியில் மிகச் சிறு பங்குக்குள் இரண்டு காதுகளையும் வந்து சேர்கிறது. இசை நம்மைச் சூழ்ந்திருக்கிற மாதிரி தோன்றுவது அதனால்தான். சிலைகள், தூண்கள், குழிவான கூரைக் கட்டங்கள் இவையெல்லாம் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. ஒலியை நாலாபக்கமும் சிதறடித்து அதன் கூர்மையை மழுக்குகின்றன. "இந்தப் பொம்மைகளை எடுத்துவிட்டு நவீனமாக வழவழவென்று செய்யலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இருக்கையை மாற்றினாலே சத்தம் மாறிவிடும் என்கிறார்கள். மிகைதானே?

இல்லை. ஒரு கச்சேரி அரங்கில் ஒலியை மிக அதிகமாக உறிஞ்சுவது ஆட்களும் இருக்கைகளும்தான். சபைன் தன் பரிசோதனையை மெத்தையை வைத்துச் செய்ததும் சும்மா இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரங்கின் கன அளவு 15,000 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் எல்லாப் பொருளும் உறிஞ்சுவதைக் கூட்டினால், 1,200 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியாக ஒலி வெளியே போவதற்குச் சமம். சபைன் விதியில் வரும் மாறா எண்ணான 0.161 ஐ 15,000 ஆல் பெருக்கி 1,200 ஆல் வகுத்தால் 2 வினாடி. இப்போது தடித்த மெத்தை வைத்த, கைப்பிடி வரை துணி சுற்றிய சொகுசு இருக்கைகளைப் போட்டு, நடைபாதையில் கம்பளமும் விரிக்கிறோம். உறிஞ்சல் 300 கூடிவிட்டது. எதிர்முழக்க நேரம் 1.6 வினாடிக்கு இறங்கிவிடும். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் அரங்கத்தின் ஒலி வறண்டுவிட்டது.

அதனால்தான் அனுபவமுள்ள குழு, புது இருக்கையின் மாதிரியை முதலில் ஒலிச்சோதனை அறைக்கு அனுப்பி அளக்கிறது. ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் அளவான மெத்தை, முதுகின் பின்பக்கம் வெறும் மரம் என்பதுதான் வழக்கமான சமரசம். ஆள் இல்லாத இருக்கையும் ஆள் இருப்பது போலவே உறிஞ்சினால் இன்னும் நல்லது. பாதி நிரம்பிய நாளிலும் ஒத்திகையிலும் ஒலி அதிகம் மாறாது. முதுகுவலிக்காரர்கள் என்னைக் கோபிக்கக் கூடாது. நல்ல இருக்கை கேட்பது நியாயம். சோபா கேட்பதுதான் பிரச்சினை.

சுவர்ப் பூச்சும் மேடைப் பலகையும் தேய்ந்துவிட்டால் புதிதாகத்தானே போட வேண்டும்? அதிலுமா சிக்கல்?

புதிதாகப் போடலாம், வேறாகப் போடக் கூடாது. பழைய காரைப்பூச்சு கனமானது. கனமான சுவர் தாழ்ந்த சுரங்களைத் திருப்பி அனுப்பும். அதை உடைத்துவிட்டு மெல்லிய ஜிப்சம் பலகையைப் பொருத்தினால் பலகை தானே அதிர்ந்து அந்தத் தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிடும். பார்வைக்கு அதே சுவர், அதே வெள்ளை. கேட்டால் அடிநாதம் காணாமல் போயிருக்கும்.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசுவது இன்னொரு பழைய தவறு. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் போக வழியில்லாமல் உப்பு பூத்து, செங்கல்லின் முகமே உதிர ஆரம்பிக்கும். பழைய சுவருக்குப் பழைய சரக்குதான்.

பாஸ்டனில் 2006 இல் மேடைத் தளத்தை மாற்றியதைச் சரியான முன்னுதாரணமாகச் சொல்வேன். நூறாண்டு தேய்ந்த தளம். அதே முக்கால் அங்குல மேப்பிள் பலகை, அதே கோத்திணைப்பு, அடியில் அதே போல அழுத்திய கம்பளி விரிப்பு, அதே அளவில் கையால் வெட்டிய ஆணிகள். அவற்றையும் கையாலேயே அடித்தார்கள். பலகையின் அடிப்பக்கத்தில் இருந்த பள்ளங்களைக்கூட விடவில்லை. அதற்கும் கீழே 1899 இல் போட்ட தளம் நன்றாக இருந்தது. அதைத் தொடவே இல்லை.

ஏசி போட்டால் ஒலி கெட்டுவிடுமா?

சரியாகப் போட்டால் கெடாது. நல்ல அரங்கில் பின்னணி இரைச்சல் 20, 25 டெசிபலைத் தாண்டக் கூடாது; பாடகர் மூச்சு வாங்குவது கடைசி வரிசைக்குக் கேட்கும் அமைதி அது. காற்றை வேகமாகத் தள்ளினால் குழாயே சீட்டியடிக்கும். அகலமான குழாயில் மெதுவாக விட வேண்டும். பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று மேலெழுகிற மாதிரி அமைப்பார்கள். இயந்திரங்கள் கூடத்தின் தலைக்கு மேல் இல்லாமல், தனிக் கட்டடத்தில் இருப்பது உத்தமம். விரிவாக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், ஈரப்பதம் சட்டென்று ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது மர வேலைப்பாட்டுக்கும் வாத்தியங்களுக்கும் சேர்த்தே நல்லது.

டிக்கெட் கிடைப்பதில்லை. விரிவாக்கும்போது கூடத்திலேயே இன்னும் ஐந்நூறு இருக்கை போட்டால் என்ன?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் பதில் பிடிவாதமாகவே "வேண்டாம்" என்பதுதான். ஐந்நூறு பேர் கூடினால் அத்தனை உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சும். மேலே போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். அதைச் சரிக்கட்டக் கூடத்தைப் பெரிதாக்கினால் சுவர்கள் விலகும், பக்கச் சுவர் ஒலி தாமதமாகும். பால்கனியை நீட்டினால் அதன் அடியில் உட்காருபவர்களுக்கு மேலிருந்து வரும் ஒலி எட்டாது. குகைக்குள் இருந்து கேட்பது போலிருக்கும்.

நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1962 இல் திறந்த ஃபில்ஹார்மோனிக் ஹால் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒலியியல் வல்லுநர் லியோ பெரானெக் சொன்ன அளவைவிட இருக்கைகளைக் கூட்டினார்கள். அதற்காக வடிவமும் மாறியது. திறந்த நாளிலிருந்தே புகார். 1976 இல் உள்ளே முழுவதையும் பெயர்த்தெடுத்து மறுபடி கட்டினார்கள். அப்போதும் திருப்தி இல்லை. கடைசியில் 2022 இல், 55 கோடி டாலர் செலவில் மூன்றாம் முறையாகக் கட்டித் திறந்தபோது 2,738 இருக்கைகள் 2,200 ஆகக் குறைந்திருந்தன. மேடையும் சுமார் 25 அடி முன்னால் வந்து, சுற்றிலும் ரசிகர்கள் உட்காரும்படி ஆனது. சின்சினாட்டியின் 1878 ஆம் ஆண்டு மியூசிக் ஹாலும் 2017 இல் மறுபடி திறந்தபோது நூற்றுக்கணக்கான இருக்கைகளைக் குறைத்துக்கொண்டுதான் திறந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து இருக்கைகள் குறுகலானவை. இன்றைய உடம்புக்கும், தீ விபத்தின்போது வெளியேறும் விதிகளுக்கும் ஏற்ப இடைவெளி விட்டாலே எண்ணிக்கை தானாகக் குறையும். கூட்டம் அதிகமென்றால் அதே கச்சேரியை இரண்டு நாள் வைக்கலாம்.

இருக்கையைக் கூட்டக் கூடாது என்றால் விரிவாக்கம் எதற்கு?

கூடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும். நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் கட்டியவர்கள் ரசிகர்கள் கூடி நிற்கும் முன்கூடத்துக்கும் பெண்கள் கழிவறைக்கும் ஒத்திகை அறைக்கும் லாரி வந்து நிற்கும் இடத்துக்கும் அதிகம் யோசிக்கவில்லை. கலைஞர்கள் வாத்தியப் பெட்டிகளோடு படிக்கட்டில் இடித்துக்கொண்டு ஏறுகிற அரங்கங்கள் எத்தனையோ. இவற்றையெல்லாம் புதுப் பகுதிக்குத் தள்ளிவிட்டால் பழைய கூடத்தில் குறைவாகக் கைவைத்தால் போதும். விரிவாக்கத்துக்கு நான் ஆதரவு தருவதன் முக்கியக் காரணமே, அது கூடத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான்.

எங்கே கட்டுவது? பக்கத்தில் நிலம் இருந்தால் பக்கத்தில், இல்லாவிட்டால் அடியில். கான்செர்ட்கெபாவ் அஸ்திவார வேலையோடு சேர்த்து, பீ தே பிரைன் வடிவமைத்த நவீனப் பகுதியைப் பக்கவாட்டில் இணைத்துப் புதிய நுழைவாயில் வைத்தது. உடைமாற்றும் அறைகளுக்கும் ஒத்திகைக்கும் நிலத்தடியில் இடம் எடுத்தது. முசிக்ஃபெரைனில் 2004 இல் நிலத்துக்கு அடியில் நான்கு சிறு கூடங்கள் வந்தன: கண்ணாடி, உலோகம், கல், மரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். நியூயார்க்கின் கார்னெகி ஹால் தன் அடியில் பாறையைக் குடைந்து 2003 இல் ஸான்கெல் ஹாலைத் திறந்தது. டொரான்டோவில் 1894 ஆம் ஆண்டு மாஸி ஹாலின் பக்கத்தில் ஏழு மாடிக் கட்டடம் எழுந்தது. நான்கிலும் பழைய பெரிய கூடம் அதே இடத்தில், அதே வடிவில் நிற்கிறது.

பக்கத்தில் அவ்வளவு ஆழமாகத் தோண்டினால் பழைய கட்டடம் தாங்குமா?

நியாயமான பயம். பழைய கட்டடம் பல ஆண்டுகளில் அமிழ வேண்டிய அளவு அமிழ்ந்து அடங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் அமிழும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் புதியது இறங்கும்போது பழையதையும் இழுக்கும், விரிசல் விழும். அதனால் தனி அஸ்திவாரம், நடுவில் ஒரு இடைவெளி, அதை மறைக்க நெகிழும் மூடி என்று செய்கிறார்கள். பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் வேலை என்றால் ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. சிறு சிறு பகுதியாகத் தோண்டி, தாங்கு கொடுத்து, கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்த பகுதி. சுவர்களில் அளவுகருவிகளை ஒட்டி மில்லிமீட்டர் கணக்கில் நகர்வைக் கவனிப்பார்கள்.

அந்த இடைவெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. புதுப் பகுதியின் லிஃப்டும் பம்பும் ஒத்திகைத் தாளமும் கூடத்துக்குள் அதிர்வாக வராது. சுரங்க ரயில் போகும் இடத்தில் சிறு கூடத்தை ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்த்துவதும் இதற்காகத்தான்.

புதுப் பகுதியும் பழையதைப் போலவே இருந்தால்தானே அழகு? எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

மரபுக் கட்டடப் பாதுகாப்பில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், தவிர்க்க முடியாத புதுச் சேர்க்கை தன் காலத்தின் அடையாளத்தோடு, பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கிறது. போலித் தூண்களையும் போலி வளைவுகளையும் ஒட்டினால், ஐம்பது ஆண்டு கழித்து வருபவருக்கு எது நிஜம் என்றே தெரியாது.

அதற்காக எந்தக் கண்ணாடிப் பெட்டியும் சரி என்று ஆகிவிடாது. உயரத்திலும் நிறத்திலும் அடக்கமாக இருந்து, பழைய முகப்பை மறைக்காமல் சற்றுப் பின்வாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். எதிர்க்க வேண்டியதைக் கண்ணாடி என்பதற்காக எதிர்க்காமல், துருத்திக்கொண்டிருக்கிறது என்பதற்காக எதிர்க்கலாம்.

பழைய வண்ணத்துக்கே கொண்டுபோகிறோம் என்கிறார்கள். எந்தப் பழைய வண்ணம்? எனக்குத் தெரிந்த நாளிலிருந்து வெள்ளைதான்!

உங்களுக்குத் தெரிந்த வெள்ளை, நடுவில் யாரோ அடித்ததாக இருக்கலாம். சுவரில் ஒரு சிறு இடத்தைச் சுரண்டி, அடுக்கடுக்காக இருக்கும் பெயின்ட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த அடுக்கு எப்போது வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இசையமைப்பாளர் பிராம்ஸ் முன்னிலையில் 1895 இல் திறந்த ஸூரிக் டோன்ஹாலே அரங்கத்தில் பிற்காலத்துப் பூச்சுக்கு அடியில் கிடந்த பழைய வண்ணங்களை மீட்டு, 2021 இல் திறந்தார்கள். மாஸி ஹாலில் பல காலம் மூடிக் கிடந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

ஆனால் எப்போதும் முதல் அடுக்குக்கே போக வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன சாசனமே எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. முப்பதுகளில் சேர்த்த ஒரு நல்ல விளக்கை, "இது அசல் இல்லை" என்று சொல்லிக் குப்பையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டால் "மரபுக் கட்டடம், மாற்ற முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் சாக்கு. முகப்புப் படிக்கட்டை உடைக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் புதுப் பகுதி வழியாக எல்லோரும் நுழையும் ஒரே வாசல் வைக்கலாம். "எல்லோரும்" என்பது முக்கியம். பின்பக்கக் குப்பைவழியில் தனிக் கதவு வைப்பது தீர்வாகாது. சிட்னி ஆபரா ஹவுஸ் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கேயே கான்செர்ட் ஹாலைப் புதுப்பித்து 2022 இல் திறந்தபோது சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான வழிகளையும் இடங்களையும் கூட்டினார்கள். மேடைக்கும் உடைமாற்றும் அறைக்கும் வழி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கலைஞராகவும் இருக்கலாம்.

எங்கள் அரங்கில் எல்லாக் கச்சேரியும் மைக் வைத்துத்தான். அப்புறம் எதற்கு இந்த ஒலியியல் கவலை?

மைக் வைத்தால் கவலை கூடும். ஒலிபெருக்கி வழியாக வரும் இசைக்கு 2 வினாடி எதிர்முழக்கம் ஆகாது. தாளச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். பேச்சுக்கும் பெருக்கிய இசைக்கும் ஒரு வினாடியை ஒட்டியிருந்தால் போதும். இரண்டு வகையும் நடக்கும் அரங்கில், தேவைப்பட்டால் இறக்கி, வேண்டாதபோது முழுவதும் மறைத்துவிடக்கூடிய கனத்த திரைகளைச் சுவரோரம் வைப்பார்கள். கச்சேரிக்கு ஏற்றபடி திரை ஏறும், இறங்கும். சுவரில் நிரந்தரமாகப் பஞ்சுப் பலகை அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒட்டியதைப் பிறகு யாரும் எடுப்பதில்லை.

தனிக்குரலுக்கும் சிறு வாத்தியங்களுக்கும் உகந்த பழைய கூடத்தில் மைக் உண்மையிலேயே தேவையா என்று ஒரு நாள் மைக்கை அணைத்துப் பார்ப்பதும் நல்லது. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

முதலிலிருந்தே ஒலி சரியில்லாத அரங்கம் என்றால்? அதையும் அப்படியே காப்பாற்ற வேண்டுமா?

வேண்டாம். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871 இல் திறந்தபோதே எதிரொலிக்குப் பெயர்பெற்றது. இங்கிலாந்து இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டாம் முறை கேட்கக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று கேலி செய்வார்கள். 1969 இல் குவிமாடத்துக்கு அடியில் காளான் போன்ற கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அந்த எதிரொலி அடங்கியது. சிட்னியில் கூரை மிக உயரம். கலைஞர்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மேடைக்கு மேல் இதழ் வடிவில் ஒலித்தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றை ஏற்றி இறக்கலாம்.

இரண்டிலும் பொதுவான குணம், கட்டடத்தை உடைக்காமல், பிறகு கழற்றிவிடக்கூடிய பொருளைச் சேர்த்தார்கள். திருத்தம் தேவைப்பட்டால் முதலில் இந்த வழியைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு கணினி இருக்கும்போது, புது ஒலி எப்படி இருக்கும் என்று முன்பே தெரியாதா?

பெருமளவு தெரியும். கணினி மாதிரியில் ஒலியின் பாதைகளைக் கணக்கிட்டு, இன்ன வரிசையில் இப்படிக் கேட்கும் என்று காதிலேயே கேட்கவைக்க முடியும். பெரிய திட்டங்களில் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி அரங்கு செய்து, அதற்கேற்ற உயர்ந்த அதிர்வெண்ணில் சோதிப்பதும் உண்டு. ஆனால் கணினிக்குக் கொடுக்கும் எண் தப்பானால் விடையும் தப்பு. நூறாண்டுப் பழைய காரை எவ்வளவு உறிஞ்சும் என்று எந்த அட்டவணையிலும் இருக்காது.

அதனால் வேலை தொடங்கும் முன், இப்போதைய ஒலியைப் பல இருக்கைகளிலிருந்து அளந்து பதிவுசெய்வது கட்டாயம். காலியாக ஒரு முறை, ரசிகர்கள் இருக்கும்போது ஒரு முறை. மொத்தச் செலவில் இதற்கு ஆவது சொற்பம். இந்தப் பதிவு இல்லாமல் கடப்பாரை எடுக்கிறார்கள் என்றால், அந்த இடத்திலேயே எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

அரங்கை மூடாமலே, பகலில் வேலை, மாலையில் கச்சேரி என்று செய்ய முடியாதா?

பக்கத்துக் கட்டடத்தைக் கட்டும்வரை ஓரளவு முடியும். கூடத்துக்குள் வேலை என்றால் மூடுவதுதான் நல்லது. தூசி வாத்தியங்களுக்கும் குழாய் ஆர்கனுக்கும் எமன். பழைய குழாய் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் ஆட்களுக்கும்தான். அவசரமாக மாலைக்குள் ஒதுக்கிவைத்து, மறுநாள் மறுபடி பிரித்துச் செய்யும் வேலையில் தரமும் இருக்காது. மூடிய காலத்துக்கு மாற்று இடம் தேட வேண்டும். ஸூரிக்கில் ஒரு பழைய தொழிற்சாலைக்குள் மரத்தால் தற்காலிகக் கூடம் அமைத்து 2017 இலிருந்து கச்சேரிகளை நடத்தினார்கள். அதன் ஒலியையே பலர் பாராட்டினார்கள்.

வேலை நடக்கும்போது தீ விபத்து நேரும் என்கிறார்களே, அவ்வளவு சாதாரணமா?

கட்டடத்தின் வாழ்நாளிலேயே ஆபத்தான காலம் அதுதான். தீயணைப்புக் குழாய்கள் பிரித்துக் கிடக்கும், அலாரம் அணைத்திருக்கும், எங்கும் மரத்தூளும் பெயின்ட்டும். பார்சிலோனாவின் லிசேயு ஆபரா அரங்கம் 1994 ஜனவரியில், தீத்தடுப்புத் திரையையே பழுதுபார்க்கும்போது கிளம்பிய பொறியில் எரிந்தது. 1999 இல்தான் மறுபடி திறந்தது. வெனிஸின் லா ஃபெனிச்சே 1996 ஜனவரியில் எரிந்தபோதும் உள்ளே புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மின்வேலைக்காரர்கள் இருவர் தீ வைத்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். "இருந்த இடத்தில், இருந்தபடியே" என்று முடிவெடுத்துக் கட்டி 2003 இல் திறந்தார்கள்.

வெல்டிங் போன்ற வேலைக்குத் தினசரி எழுத்து அனுமதி, முடிந்த பிறகும் சில மணி நேரம் காவல், வேலை முடியும்வரை தற்காலிகத் தண்ணீர்க் குழாய். ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மதிப்பீடு ஒன்று சொல்வார்கள், முடிவில் இரண்டு மடங்காகும். யாரோ சாப்பிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சில இடங்களில் இருக்கலாம். ஆனால் நேர்மையாக நடந்தாலும் செலவு ஏறும். பழைய சுவரைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பீக்கன் அரங்கத்துக்கு முதலில் சுமார் 4.8 கோடி பவுண்டு என்றார்கள். 2023 இல் திறக்கும்போது 13.2 கோடியைத் தொட்டிருந்தது. எதிர்பாராத கட்டுமானக் கோளாறுகளும் நடுவில் வந்த கொரோனாக் காலமும் சேர்ந்துகொண்டன.

தொடங்கும் முன் எத்தனை இடத்தில் துளையிட்டுப் பார்த்தார்கள், எதிர்பாராத செலவுக்கென்று எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். பழைய கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்காத மதிப்பீட்டை நான் நம்ப மாட்டேன். பணம் தீரும்போது முதலில் வெட்டப்படுவது எது என்றும் சேர்த்துக் கேளுங்கள். முன்கூடத்துப் பளிங்கு போனால் பரவாயில்லை. கூரைக் காரையின் தடிமனைக் குறைத்தால் ஐந்தாம் கேள்விக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

திறந்த பிறகு பழைய ரசிகர்கள் "அந்தப் பழைய ஒலி போய்விட்டது" என்கிறார்கள், நிர்வாகம் "எல்லாம் உங்கள் பிரமை" என்கிறது. யாரை நம்புவது?

முதல் மாதத்தில் இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். புதுப் பூச்சு காய வேண்டும், மரம் அமைய வேண்டும், கலைஞர்களும் மேடையில் எங்கே உட்கார்ந்தால் சரியாகக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்துவிட்டுக் காதும் வேறு மாதிரி கேட்கும். ஒரு பருவம் போகட்டும். அப்புறம், வேலைக்கு முன் எடுத்த அளவை இப்போதைய அளவோடு வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ரசிகரின் புகாரைப் பிரமை என்று தள்ளிவிடவும் கூடாது. 1891 ஆம் ஆண்டின் கார்னெகி ஹாலை 1986 இல் சில மாதங்கள் மூடிப் புதுப்பித்தார்கள். திறந்ததும் விமர்சகர்களும் கலைஞர்களும் ஒலி கடுமையாகிவிட்டது, அடிநாதம் குறைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மேடைக்கு அடியில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. நிர்வாகம் மறுத்தது. வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1995 இல் மேடைத் தளத்தைப் பிரித்தபோது, அடியில் கான்கிரீட் இருந்தது. அதை அகற்றிவிட்டு மரத்தளம் போட்டார்கள்.